ஒலியை முந்தப் புறப்பட்ட மாருதம்

ஐப்பசி மழைக் காலத்தில் போளூரில் நின்று மேற்கே ஜவ்வாது மலையை நோக்குபவர்கள், ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள வேக வேறுபாட்டை எந்தக் கருவியுமின்றி அளந்து கொள்ளலாம். மலைமுகட்டில் மின்னல் வெட்டியவுடன் ஒன்று, இரண்டு என்று வினாடிகளை எண்ணத் தொடங்க வேண்டும். பதினைந்தாம் எண்ணில் முழக்கம் காதில் விழுமாயின், இடி இறங்கிய இடம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு மூன்று வினாடி வேண்டும் என்பதே இக்கணக்கு. மணிக்கணக்கில் சொன்னால் தரைமட்டத்தில் சுமார் 1,225 கிலோமீட்டர். 11 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, குளிரின் காரணமாக, 1,060 என்ற அளவுக்குக் குறைந்துவிடும். இந்த வேகத்தை மனிதன் எவ்வாறு முந்தினான், அம்முயற்சியில் நம் நாட்டவரின் பங்கு யாது, எந்த இடத்தில் நாம் தடைப்பட்டு நின்றோம் என்பனவற்றை இங்கே காண விழைகிறோம்.

2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நண்பகலுக்குப் பின்னர் பெங்களூர் மக்கள் ஒரு பேரோசை கேட்டுத் திடுக்குற்றனர். சன்னல்கள் அதிர்ந்தன. நிலநடுக்கமோ, எங்கேனும் வெடி விபத்தோ என்று ஊரே கலங்கியது. மாலையில் பாதுகாப்புத் துறை விளக்கம் அளித்தது. சோதனைப் பறப்பில் ஈடுபட்டிருந்த விமானப்படை விமானம் ஒன்று, 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஒலியை விஞ்சிய வேகத்திலிருந்து இறங்கியபோது எழுந்த அதிர்வே அது. விமானம் 65 முதல் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதும் அவ்வோசை கேட்கக்கூடும் என்றும் அவ்விளக்கம் கூறியது. அது எப்படி நிகழ்கிறது?

ஏரியில் நீந்தும் வாத்தைப் பார்த்திருப்போம். அது மெல்ல நகரும்போது சிற்றலைகள் அதற்கு முன்னேயும் பரவிச் செல்கின்றன. வேகமாக நீந்தினாலோ அலைகள் முன்செல்ல வழியின்றி, இரு பக்கமும் ஆப்பு வடிவில் பின்தங்கி விரிகின்றன. விமானத்தின் கதையும் இதுதான். ஒலியின் வேகத்துக்குக் குறைவாகப் பறக்கும் வரை, 'விமானம் வருகிறது, வழிவிடுக' என்று அழுத்த அலைகள் முன்னே ஓடிக் காற்றுக்குச் செய்தி சொல்லிவிடுகின்றன. ஒலியின் வேகத்தை எட்டியதும் அச்செய்தியாளர்களை விமானமே பிடித்துவிடுகிறது. அலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அதிர்ச்சி அலையாகத் திரண்டுவிடுகின்றன. அந்த அலை தரையைத் தொடும் இடங்களிலெல்லாம் முழக்கம் கேட்கும். ஒலியின் வேகத்தைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே ஓசை எழுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விமானம் அவ்வேகத்தில் செல்லும் வரை அம்முழக்கத்தை ஒரு பாய்போலத் தன் பின்னே தரையில் இழுத்துக்கொண்டே செல்கிறது. ஒலியோடு ஒப்பிட்டு வேகத்தைக் குறிக்கும் அளவுக்கு ஆஸ்திரிய அறிஞர் எர்ன்ஸ்ட் மாக்கின் பெயர் வழங்குகிறது. மாக் 1 என்றால் ஒலிக்குச் சமம். மாக் 2 என்றால் இருமடங்கு.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் விமானங்கள் மாக் 1ஐ நெருங்கத் தொடங்கியபோதுதான் விபரீதம் வெளிப்பட்டது. இறக்கையின் மேலே காற்று விமானத்தைவிட விரைந்து ஓடுவதால், விமானம் ஒலியை எட்டுமுன்பே அங்கே அதிர்ச்சி அலை தோன்றிவிடுகிறது. விமானம் குலுங்கும், இயக்குத்தண்டு விமானியின் கைக்கு அடங்காது. 1946 செப்டம்பர் 27 அன்று, விமானத் தொழில் நடத்திய புகழ்பெற்ற குடும்பத்தின் மைந்தரான ஜெஃப்ரி டி ஹாவிலண்ட், தம் தந்தையின் நிறுவனம் செய்த வாலற்ற விமானத்தில் பறந்தபோது அது வானிலேயே சிதறியது. 'ஒலித்தடை' என்னும் சொல் மக்கள் மனத்தில் ஒரு கற்சுவராக எழுந்து நின்ற காலம் அது.

அச்சுவர் உண்மையில் இல்லை என்பதை 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த 24 வயது சக் யேகர் காட்டினார். பெல் எக்ஸ்-1 என்னும் அவ்விமானம் துப்பாக்கிக் குண்டின் வடிவில் செய்யப்பட்டது. ராக்கெட் இயந்திரம் உடையது. பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் தொங்கிச் சென்று, கலிபோர்னியப் பாலைவனத்துக்கு மேலே விடுவிக்கப்பட்டு, சுமார் 43,000 அடி உயரத்தில் மாக் 1.06ஐ எட்டியது. இரண்டு நாள் முன்னர் குதிரையிலிருந்து விழுந்து யேகருக்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் வாய்ப்புப் பறிபோகும் என்று மறைத்துவிட்டார். வலது கையால் கதவை இழுத்துத் தாழிட முடியாது. நண்பரும் பொறியாளருமான ஜாக் ரிட்லி, துடைப்பக் கட்டையில் ஒரு துண்டை அறுத்து நெம்புகோலாகக் கொடுத்தார்.

வீரக்கதை விரும்புவோர் இந்தத் துடைப்பக் கட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கின்றனர். நம் கருத்தில், ரிட்லி செய்த பேருதவி வேறொன்று. மாக் 0.94 அளவில் வாலிலுள்ள ஏற்றத்தட்டு செயலிழந்து போவதை முந்தைய பறப்புகளில் யேகர் கண்டிருந்தார். தட்டை மட்டும் அசைப்பதை விட்டு, வாலின் கிடைப்பகுதி முழுவதையுமே திருப்பி விமானத்தை ஆளலாம் என்றார் ரிட்லி. அந்த வால்தான் ஒலியைக் கடக்க வழி திறந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் சிறகு கட்டிப் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறங்கும்போது முதுகில் அடிபட்டதற்கு வால் இல்லாமையே காரணம் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல் மக்கரீ எழுதி வைத்திருப்பது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. துணிவு மட்டும் போதாது, கருவியும் துணிவுக்கு ஈடாக வேண்டும் என்பது பறத்தல் வரலாற்றின் பழைய பாடம். நம் நாட்டில் அப்பாடம் வாலில் அல்ல, இயந்திரத்தில் வந்து நின்றது.

விடுதலை பெற்ற இந்தியா தன் போர்விமானத்தைத் தானே வடிவமைக்க எண்ணியது. பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் விமான நிறுவனம் அதுவரை சொந்தமாக வடிவமைத்தது, வி. எம். காட்கே தலைமையில் உருவாகி 1951இல் பறந்த எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானமே. அது விசிறி கொண்ட சிறு விமானம். அங்கிருந்து ஒரே தாவலில் மாக் 2 வேகமுடைய ஜெட் போர்விமானத்துக்குப் போக வேண்டும் என்று விமானப்படை கேட்டது. இதற்காக 1956இல் ஜெர்மனியின் கர்ட் டாங்க் அழைத்து வரப்பட்டார். போர்க்காலத்தில் பெயர்பெற்ற ஃபாக்கவுல்ஃப் 190ஐ வடிவமைத்தவர். போருக்குப் பின் அர்ஜென்டினாவில் புல்க்கி என்னும் ஜெட் விமானத்தை உருவாக்கியவர். தாம் வடிவமைத்ததைத் தாமே ஓட்டிப் பார்க்கும் வழக்கமுடையவர். அவருடன் ஜெர்மானியப் பொறியாளர் குழு ஒன்றும் வந்து சேர்ந்தது. அதே நகரில் இந்திய அறிவியல் கழகத்தில் சதீஷ் தவான், ஒலியை விஞ்சிய வேகத்தில் காற்றைச் செலுத்தி ஆராயும் காற்றுச் சுரங்கத்தை நாட்டிலேயே முதன்முதலாக அமைத்தவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

எச்.எஃப்.-24 என்று எண்ணிடப்பட்ட அவ்விமானத்துக்கு 'மருத்' என்று பெயர் வைத்தனர். காற்றைக் குறிக்கும் நம் 'மாருதம்' அதன் உறவுச் சொல்லே. இயந்திரத்தைத் தேடி இறுதிவரை அலைந்த இவ்விமானத்தின் பறத்தல், இயந்திரமே இல்லாமல் தொடங்கியது என்பது விந்தை. முழு அளவில் மரத்தால் ஒரு கிளைடர் செய்தனர். டகோட்டா விமானம் அதைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துச் செல்லும். உயரத்தில் கயிற்றை விடுவித்ததும் விமானி அதைச் சறுக்கி இறக்குவார். 1959 ஏப்ரலில் தொடங்கிய இச்சோதனையில் முதலில் அமர்ந்தவர் விங் கமாண்டர் ரோஷன் சூரி. 78 முறை அக்கிளைடர் பறந்தது. போர்விமானத்தின் உடலமைப்பு சறுக்கிப் பறப்பதற்கு ஏற்றதன்று, விரைவாகக் கீழிறங்கும். ஓடுபாதையைத் தவறவிட்டால் மீண்டும் எழுந்து சுற்றிவர இயந்திரமில்லை. அந்த 78 இறக்கங்களிலும் விமானியின் மனநிலை எவ்வாறு இருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

1961 ஜூன் 17 அன்று முதல் மாதிரி விமானம் வானேறியது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். இந்தியத் தலைமை நீதிபதியாக விளங்கிய எஸ். ஆர். தாஸின் மைந்தர், இங்கிலாந்தில் சோதனை விமானிகளுக்கென அமைந்த பள்ளியில் பயின்றவர். ஒரு வாரம் கழித்து, ஜூன் 24 அன்று, பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் முன்னிலையில் மீண்டும் பறந்து காட்டினார். சோவியத் நாட்டை நீக்கிப் பார்த்தால், ஆசியாவில் வடிவமைக்கப்பட்டு உற்பத்தி வரை வந்த முதல் ஜெட் போர்விமானம் இதுவே என்பர். கூரிய மூக்கும் ஒடுங்கிய இடையும் கொண்ட அதன் உடல், மாக் 2க்கென்றே வார்க்கப்பட்டது. உள்ளே இருந்த இயந்திரங்களோ அவ்வேகத்துக்கு உரியவை அல்ல.

டாங்க் தம் வரைபடத்தில் கருதியிருந்தது, பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கி வந்த ஓர்ஃபியஸ் 12 என்னும் இயந்திரம். வெளியேறும் சூடான வாயுவில் மறுபடியும் எரிபொருளைத் தூவி எரித்து உந்துவிசையைப் பெருக்கும் பின்னெரிப்பான் அதில் உண்டு. ஓரியந்திரம் சுமார் 3,700 கிலோ விசை தரும். அதை உருவாக்கி முடிக்கும் செலவில் இந்தியா பங்கேற்க வேண்டும் என்று பிரிட்டிஷார் கேட்டனர். இந்தியா உடன்படவில்லை, அவர்களும் திட்டத்தைக் கைவிட்டனர். நாட் என்னும் சிறு விமானத்துக்காகப் பெங்களூரிலேயே செய்யத் தொடங்கியிருந்த சாதாரண ஓர்ஃபியஸ் கைவசம் இருந்தது. பின்னெரிப்பான் இல்லாத, சுமார் 2,200 கிலோ விசை மட்டுமே தரும் அவ்வினத்தில் இரண்டைத் தற்காலிகமாகப் பொருத்தினர். அந்தத் தற்காலிகமே அதன் ஆயுள் முழுவதும் நீடித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அந்நியச் செலாவணி வறண்டு கிடந்ததை அறிந்தவர்கள் அன்றைய ஆட்சியாளரை அவசரப்பட்டுப் பழிக்க மாட்டார்கள். ஆயினும் உடலுக்குச் செலவிட்டவர்கள் இதயத்துக்குக் கணக்குப் பார்த்தது சிக்கனமாகாது என்பதே நம் எண்ணம்.

பின்னெரிப்பான் என்றதும் தமிழ் வாசகர்க்கு நெருங்கிய ஒரு செய்தியைச் சொல்லலாம். இராமேசுவரத்தில் பிறந்து, சென்னை குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் விமானப் பொறியியல் கற்ற ஏ. பி. ஜே. அப்துல் கலாம், ஐம்பதுகளின் பிற்பகுதியில் பெங்களூரிலுள்ள இதே நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். விமான இயந்திரங்களைப் பிரித்துச் சீரமைக்கும் பகுதியில் பணி. பின்னெரிப்பு பற்றி மங்கலாகவே இருந்த தம் அறிவு அங்கேதான் தெளிவுற்றது என்று 'அக்கினிச் சிறகுகள்' நூலில் குறிப்பிடுகிறார். கர்ட் டாங்கையும் மதிப்புடன் நினைவுகூர்கிறார். விமானியாக வேண்டும் என்பதே அவர் இளமைக் கனவு. தேராதூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாமவராக வந்தார், எடுக்கப்பட்டவர்கள் எண்மர். ஒரே இடத்தில் நழுவிய அவ்வாசை, 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக, 74ஆம் வயதில், புணே விமானத் தளத்திலிருந்து சுகோய்-30 போர்விமானத்தில் பறந்தபோது ஓரளவு நிறைவேறியது எனலாம்.

மருத் கதைக்குத் திரும்புவோம். இயந்திரம் தேடிய பயணம், நம் முன்னோர் மிஸ்ரு என்றழைத்த எகிப்து வரை சென்றது. அங்கே அதிபர் நாசிர் ஜெர்மானியரான வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டைக் கொண்டு எச்.ஏ.-300 என்னும் ஒலியை விஞ்சும் விமானத்தையும், ஆஸ்திரியரான ஃபெர்டினான்ட் பிராண்ட்னரைக் கொண்டு அதற்குரிய இ-300 இயந்திரத்தையும் உருவாக்கி வந்தார். நம்மிடம் உடல் இருந்தது, இயந்திரம் இல்லை; அவர்களிடம் இயந்திரம் உருவாகிக்கொண்டிருந்தது, பொருளுதவி தேவைப்பட்டது. இரு நாடுகளும் கைகோத்தன. 1964 மார்ச் 7 அன்று ஹெல்வான் நகரில் எகிப்தின் விமானத்தை முதன்முதலாக வானில் ஏற்றியவர், கபில் பார்கவா என்னும் இந்தியச் சோதனை விமானி என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. தன் சொந்த இயந்திரம் ஆயத்தமாகாததால் அவ்விமானமும் அன்று ஓர்ஃபியஸ் கொண்டே பறந்தது.

பின்னர் மருத் ஒன்று எகிப்துக்கு அனுப்பப்பட்டது. அதன் இரு இயந்திரங்களில் ஒன்றைக் கழற்றி, இ-300ஐப் பொருத்தி 1967இல் பறக்கவிட்டனர். அவ்வாண்டு ஜூன் மாதப் போர் எகிப்தின் பொருள்வளத்தை நிலைகுலையச் செய்தது. 1969இல் திட்டம் முழுவதும் மூடப்பட்டது. இயந்திரம் கிட்டத்தட்டக் கைக்கு எட்டிய நிலையில் நழுவியது. அந்த எகிப்திய விமானங்களில் ஒன்று பிற்காலத்தில் ஜெர்மனியில் மியூனிக் நகரருகே காட்சிப் பொருளாகப் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையே நம் நாட்டில் ஒலியை விஞ்சும் படைப்பிரிவு ஏற்படாமல் இல்லை. 1963இல் சண்டிகாரில், விங் கமாண்டர் தில்பாக் சிங் தலைமையில், சோவியத் மிக்-21 விமானங்களுடன் 28ஆம் படைப்பிரிவு அமைந்தது. உடலும் இயந்திரமும் ஒருங்கே வெளியிலிருந்து வந்தன. மாக் 2 எளிதில் கிட்டியது. கிட்டியபின், உள்நாட்டு விமானத்தின்மீது இருந்த அவசரம் தணிந்துபோனது இயல்பே. 1967இல் படையில் முறையாகச் சேர்ந்த மருத், நேர்ப்பறப்பில் எட்டிய உச்ச வேகம் மாக் 1.02. அதாவது, ஒலித்தடை என்னும் வாயிற்படியில் கால் வைத்து அங்கேயே நின்றுவிட்டது.

அப்படியும் மனம் சோராதவர்கள் இருந்தனர். பெங்களூரின் வாயுச்சுழலி ஆராய்ச்சி நிறுவனம், இருக்கிற ஓர்ஃபியசுக்கே பின்னெரிப்பான் பொருத்த முயன்றது. விசை கூடியது, ஆனால் பருத்த வால்பகுதியால் காற்றுத் தடையும் கூடவே வளர்ந்தது. அவ்வாறு மாற்றியமைத்த விமானத்தைச் சோதிக்கும் பொறுப்பு குரூப் கேப்டனாக உயர்ந்திருந்த சுரஞ்சன் தாஸிடம் வந்தது. 1961இல் மருத்தை முதலில் வானேற்றியவர். 1964இல் கிரண் பயிற்சி ஜெட்டையும் முதலில் ஓட்டியவர். 1970 ஜனவரி 10 அன்று பெங்களூரில் புறப்பட்ட சிறிது நேரத்தில் அவ்விமானம் விழுந்து நொறுங்கியது. தாஸ் உயிரிழந்தார். ஐம்பது வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. அரசு அவருக்கு மறைவுக்குப் பின் பத்மபூஷண் விருதளித்தது. பெங்களூரில் விமானத் தொழிற்சாலைப் பக்கத்தில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தது. அச்சாலையில் நாள்தோறும் போக்குவரத்து நெரிசலில் நின்று தவிப்போரில் அவர் யார் என்று அறிந்தவர் எத்தனை பேரோ!

சோதனை விமானியின் பணி மற்ற விமானிகளின் பணியினின்றும் வேறானது. போர்விமானிக்கு எதிரி யார் என்று தெரியும். சோதனை விமானியோ, வரைபடத்தில் பொறியாளர் நம்பியதற்கும், வானில் இயந்திரம் உண்மையில் தருவதற்கும் இடையே உள்ள குறைவைத் தன் உடலால் அளந்து சொல்பவர். மருத்தில் அக்குறைவு பெரிதாக இருந்தது. விமானியின் குற்றத்தாலோ டாங்கின் குற்றத்தாலோ நேர்ந்ததன்று. டாங்க் 1967இல் இந்தியாவை விட்டுச் சென்றார். 147 விமானங்கள் செய்யப்பட்டதோடு மருத்தின் உற்பத்தி நின்றது. 1971 டிசம்பர்ப் போரில் இராஜஸ்தான் முனையில் தாழப் பறந்து தாக்கும் வேலையை அது நன்றாகவே செய்தது. ஒன்றுகூட வான்போரில் வீழ்த்தப்படவில்லை. தரைக்கு அருகே அதன் உறுதியான உடல் மிகவும் பயன்பட்டது. 1990க்குள் அனைத்தும் ஓய்வு பெற்றன.

அடுத்த உள்நாட்டுப் போர்விமானம் எழ மேலும் பத்தாண்டு ஆயிற்று. 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் ஓட்டிய இலகு போர்விமானம் பெங்களூரில் வானேறியது. பின்னர் அது தேஜஸ் என்று பெயர் பெற்றது. 2003 ஆகஸ்ட் 1 அன்று அவ்வினம் முதன்முறையாக ஒலியின் வேகத்தைக் கடந்தது. 2020 மே 27 அன்று நம் கோவை மாவட்டத்துச் சூலூரில், தேஜஸ் விமானங்களுடன் 18ஆம் படைப்பிரிவு மீண்டும் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்விமானத்துக்கென்றே 1989இல், முன்னர் ஓர்ஃபியசுக்குப் பின்னெரிப்பான் பொருத்த முயன்ற அதே ஆராய்ச்சி நிறுவனம் ஓர் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியிருந்தது. அதற்கு நம் காவிரியின் பெயரையே சூட்டியிருந்தனர். வேண்டிய விசை கிட்டாமையால் 2008இல் காவிரி தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. சூலூரில் அன்று எழுந்த தேஜஸ்களின் வயிற்றில் இருந்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் இயந்திரம்.